இருபத்தேழு பேர் தொட்ட முகம்

ஜூலை மாதம் ஒன்பதாம் நாள், புதன்கிழமை. முற்பகல் பதினொன்று இருபது.

குறை இதுதான்: பட்டப்பகலில், முப்பத்தொரு பேர் கூடியிருந்த கூடத்தில், ஒரு களவு நடந்தது. அந்த முப்பத்தொரு பேரிடமும் ஒரு கேள்விகூட எவரும் கேட்கவில்லை!

காவல்துறை கேட்கவில்லை. அருங்காட்சியக நிருவாகம் கேட்கவில்லை.

காரணம்?

அவர்களுக்கு வயது பத்து!

பத்து வயதில் கண் தெரியாதா? காது கேளாதா? வாய்தான் பேசாதா?

போகட்டும். நடந்ததைக் கேளுங்கள்.

தொலைபேசி அலறியது...

அது அலறிய இடம், கடற்பயணக் கூடத்தின் ஒட்டுப்பலகைச் சுவருக்குப் பின்னால் இருந்த கட்டுப்பாட்டு அறை. அறை என்பது மரியாதைக்குச் சொன்ன சொல். இரண்டு நாற்காலிகள், மூன்று கணினிகள், முழங்கால் உயரத்துக்குக் கம்பிச் சிக்கல். கணினிகள் சூடேறக் கூடாது என்று குளிரூட்டியைப் பல்லைக் கிட்டவைக்கும் அளவுக்குத் திருகி வைத்திருந்தார்கள். அதனால் ஜூலை மாதத்திலும் கம்பளிச் சட்டை அணிந்து அங்கே உட்கார்ந்திருந்தான், கணினிக்கு நிரல் எழுதும் ஓர் இளைஞன். அருங்காட்சியகமே அவனைக் கம்பளி என்றுதான் அழைத்தது.

அவனுடைய அக்கா தொலைபேசியை எடுத்தாள். அவள்தான் வடிவமைப்பாளர். அருங்காட்சியகத்துக்கு வரும் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக் கொட்டாவி விடாமல், தொட்டும் திருப்பியும் கேட்டும் கற்கும்படி காட்சிகளை அமைப்பது அவள் தொழில்.

பேசியவர் வாசற்காவலர்.

"மேடம், நடுப்பெட்டியில கடிகாரம் இருக்கணுமா? இல்ல, இன்னைக்கு வேண்டாம்னு நீங்களே எடுத்துட்டீங்களா?"

"எந்தக் கடிகாரம்?"

"இருக்கறதே ஒண்ணுதானே மேடம்."

அவள் ஓடினாள். கம்பளியும் ஓடினான், ஒரு கம்பி தடுக்கி விழுந்து, எழுந்து, மீண்டும் ஓடினான்.

கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டி பூட்டியபடியே இருந்தது. உடையவில்லை. கீறல் இல்லை. உள்ளே நீல வெல்வெட்டுத் துணியில் வட்டமாக ஒரு பள்ளம்...

அவ்வளவுதான்!

தலைக்கு மேலே மட்டும், டிக்... டிக்... டிக்...

கடிகாரம் இல்லை. அதன் ஓசை மட்டும் இருந்தது!

பேய் வேலை அன்று. கடிகாரம் நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓசை, கூரையில் பொருத்திய ஒலிபெருக்கியிலிருந்து வரும் பதிவு.

அந்தக் கடிகாரம் சாதாரணப் பொருளன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கப்பல் தலைவன், நடுக்கடலில் தான் இருக்கும் இடத்தைக் கணிக்க வைத்திருந்த கடற்கடிகாரம். உள்ளங்கை அகலப் பித்தளை. ஒருமுறை பயணத்தின் நடுவே அது களவுபோய், பிறகு மீண்டது என்று கப்பல் குறிப்பேடு சொல்கிறது. அந்தக் களவையே வடிவமைப்பாளர் ஒரு துப்பறியும் விளையாட்டாக்கியிருந்தாள். கூடத்தில் ஐந்து மேசைகள். ஐந்தும் தொடுதிரைகள். பிள்ளைகள் மேசை மேசையாகச் சென்று, கடல்வரைபடத்தை விரலால் நகர்த்தி, சமையலறைப் பெட்டியைத் திறந்து, காற்றின் திசையைக் கையசைத்து மாற்றித் தடயம் சேர்க்க வேண்டும். வாசலருகே கடைசித் திரை கேட்கும்: எடுத்தது யார்?

மாலை நான்கு மணிக்குத் திறப்பு விழா. அன்று முற்பகல் கடைசி ஒத்திகை. ஒரு பள்ளியிலிருந்து முப்பத்தொரு பிள்ளைகள் வந்து விளையாடிப் பார்த்துவிட்டுச் சென்றிருந்தார்கள்.

அவர்கள் சென்ற இரண்டாம் நிமிடம்தான் தொலைபேசி அலறியது!

பன்னிரண்டே கால் மணிக்குக் காவல் ஆய்வாளர் வந்தார். பருத்த உடல், மெல்லிய குரல், வலிக்கும் முழங்கால். அருங்காட்சியக இயக்குநர் அம்மையார் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் காப்பாட்சியர்.

காப்பாட்சியருக்கு முப்பது ஆண்டுப் பணி. வெள்ளை மீசை, சட்டைப்பையில் வெள்ளைக் கையுறை. பழம்பொருளைத் தூசியிலிருந்தும் மனிதரிலிருந்தும் காப்பதே பிறவிப் பயன் என்று நம்புபவர். கண்ணாடிக்குள் வைத்து அடியில் சீட்டு ஒட்டினால் போதும், படிக்கிறவன் படிப்பான் என்பது அவர் கொள்கை. தொடுதிரைகள் வந்த நாளிலிருந்து அவர் வடிவமைப்பாளரிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசியதில்லை.

ஆய்வாளர் முதலில் சாவியைப் பற்றி விசாரித்தார். இரண்டு சாவிகள். ஒன்று காப்பாட்சியரிடம், எடுத்துக் காட்டினார். மற்றொன்று?

"என்கிட்ட இருக்கு," என்றாள் வடிவமைப்பாளர்.

முந்தைய மாலைதான் கையொப்பமிட்டு வாங்கியிருந்தாள். பெட்டிக்குள் கடுகளவு ஒளிப்படக் கருவி ஒன்றைப் பொருத்த வேண்டியிருந்தது. அது கடிகாரத்தின் முகத்தைப் பதினைந்து அடி உயரத்துக்குப் பெரிதாக்கிச் சுவரில் காட்டும். பிள்ளைகள் விரலை அகட்டினால் ஒவ்வொரு திருகும் ஒவ்வொரு கீறலும் தெரியும். அதன் முதல் சோதனை அன்று நண்பகல் நடக்க இருந்தது.

ஆய்வாளர் அடுத்துக் கண்காணிப்புக் கேமராவைப் பற்றிக் கேட்டார்.

அது அணைக்கப்பட்டிருந்தது!

அணைக்கச் சொன்னவர் யார்?

அவளேதான்! எழுத்துமூலமாக! கண்காணிப்புக் கேமரா உமிழும் கண்ணுக்குத் தெரியாத ஒளி, கையசைவை உணரும் கருவிகளைக் குழப்பியது. இரண்டாம் மேசையில் கையை ஆட்டினால் நான்காம் மேசையில் பக்கம் புரண்டது. ஆகவே ஒத்திகை முடியும்வரை நிறுத்திவைக்கக் கேட்டிருந்தாள்.

ஒத்திகையின்போது அவள் எங்கே இருந்தாள்? ஒட்டுப்பலகைக்குப் பின்னால், தம்பியுடன். ஒத்திகையில் பெரியவர்கள் எவரும் கூடத்துக்குள் நிற்கக் கூடாது என்பது அவள் வகுத்த விதி. நின்றால், பிள்ளைகள் விடையைத் திரையில் தேடாமல் பெரியவர் முகத்தில் தேடுவார்களாம். ஆசிரியையைக்கூட வெளியேதான் உட்கார வைத்திருந்தாள்.

ஆய்வாளர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார்.

"சாவி உங்ககிட்ட. கேமராவை நிறுத்தச் சொன்னது நீங்க. யாரும் உள்ள நிக்கக் கூடாதுன்னதும் நீங்க. நான் வேற யாரைம்மா சந்தேகப்படறது? நீங்களே ஒரு ஆளைச் சொல்லுங்க."

"இன்னொரு சாவியும் இருக்கே சார்."

"அது முப்பது வருஷமா அவர்கிட்ட இருக்கு. உங்களுக்கு நேத்து சாயங்காலம்தானே கிடைச்சுது."

அவள் தன் சாவியை எடுத்து ஆய்வாளரின் குறிப்பேட்டின்மேல் வைத்தாள்.

இயக்குநர் அம்மையார் கடிகாரத்தைப் பார்த்தார். அதாவது, தம் கைக்கடிகாரத்தை.

"மூணரை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வரலைன்னா கதவைப் பூட்டிட்டு, வர்றவங்களுக்கெல்லாம் போன் பண்ணிடுவேன். நீ செஞ்ச அஞ்சு மேசையையும் நாளைக்கே கழட்டிடலாம்."

இரண்டு ஆண்டு உழைப்பு! அது போனால் பெயரும் போகும். கடிகாரத்தைத் தொலைத்தவள் என்ற பட்டத்தோடு வருபவளுக்கு எந்த அருங்காட்சியகம் கதவைத் திறக்கும்?

வாசற்காவலர் வெளியாள் எவரும் உள்ளே போகவில்லை என்று உறுதி கூறினார். பிள்ளைகள், ஆசிரியை, அக்கா, தம்பி, அவ்வளவுதான்.

எனவே வெளியே புல்வெளியில் பேருந்துக்குக் காத்திருந்த பிள்ளைகளின் பைகளைச் சோதித்தார்கள். கவனியுங்கள்... கேள்வி கேட்கவில்லை, பையை மட்டும் சோதித்தார்கள்! கிடைத்தவை: ரொட்டித் துண்டுகள், பென்சில் சீவல், ஒரு கூழாங்கல், அன்று காலை விழுந்த பல் ஒன்று. பல்லின் சொந்தக்காரன் அதைத் திருப்பித் தரச் சொல்லிக் கையோடு வாங்கிக்கொண்டான்.

கைரேகை எடுப்பவர்கள் பெட்டியின் மேல் மாவு தூவிக்கொண்டிருந்தார்கள். அதுவரை சும்மா நிற்பானேன் என்று ஆய்வாளர் வாசலில் இருந்த நினைவுப்பொருட் கடைக்குள் நுழைந்து, ஒரு காகிதப் பையுடன் திரும்பினார். மறுநாள் அவருடைய மகளுக்குப் பிறந்தநாளாம்.

மணி ஒன்று பத்து.

கட்டுப்பாட்டு அறையில் கம்பளி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, வக்கீல் யாரையாவது கூப்பிடட்டுமா?"

"முதல்ல ஒத்திகைப் பதிவை எடு."

"இப்பவா?"

"எப்பவும் எப்ப எடுப்போம்?"

ஒத்திகை முடிந்ததும், தண்ணீர் குடிப்பதற்கு முன்பே, பதிவைப் பார்த்துவிட வேண்டும். பத்தாண்டுகளாக அவள் மாற்றாத பழக்கம். எந்தப் பிள்ளை எந்த மேசையில் எத்தனை நொடி நின்றது, எதைத் தொட்டது, எதைத் தொடாமல் போனது... எல்லாவற்றையும் கணினி எழுதி வைத்திருக்கும்.

கம்பளி கடைசித் திரையின் பதிவைத் திறந்தான். சரியான விடை, கப்பலின் சமையற்காரன். முப்பத்தொரு பேரில் இருபது பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று அக்கா எதிர்பார்த்திருந்தாள்.

சமையற்காரனைத் தொட்டவர்கள் இருவர்.

மாலுமியை ஒருவர். வைத்தியரை ஒருவர். வணிகரை எவருமில்லை.

ஐந்தாவது முகத்தை...

இருபத்தேழு பேர்!

அக்கா திரையருகே குனிந்தாள்.

"அஞ்சாவது யாருடா?"

"கப்பல்ல கடிகாரத்துக்குச் சாவி குடுக்கிறவன். ஓவியர் இன்னும் படம் அனுப்பலக்கா."

"வராத படத்தை இருபத்தேழு பேர் எப்படிடா தொட்டாங்க?"

கம்பளி தலையைச் சொறிந்தான்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஓவியரிடமிருந்து படம் வரும்வரை, அந்த இடம் வெறுமையாக இருக்கக் கூடாது என்று, கையில் அகப்பட்ட ஏதாவதொரு படத்தை ஒட்டிவைப்பார்கள். அலுவலகத்தில் இருப்பவர்களுடைய படமே எளிதில் அகப்படும். பிள்ளைகள் விளையாட வரும் முன் அதை எடுத்துவிட வேண்டும். கம்பளி எடுக்கவில்லை. மறந்துபோனான்!

ஐந்தாவது முகத்தைப் பெரிதாக்கினான்.

கப்பல் தொப்பி. அதன் கீழே வெள்ளை மீசை. அதன் கீழே, 'பெயர் பின்னர் வரும்'.

காப்பாட்சியர்!

"அடையாள அட்டையில இருந்த படம். தொப்பி அவருக்குத்தான் பொருந்துச்சு," என்று முனகினான் கம்பளி.

அக்கா தலையை மேசைமீது கவிழ்த்துக்கொண்டாள். களவு அவளுக்கு மறந்தேபோயிற்று!

"ரெண்டு வருஷம்டா. பதினேழு தடயம். ஒவ்வொண்ணையும் தேய்ச்சுத் தேய்ச்சு வெச்சேன். ரெண்டே ரெண்டு பேர்தான் சமையற்காரனைக் கண்டுபிடிச்சிருக்காங்க."

"அக்கா, வெளியில போலீஸ் நிக்குது."

"நிக்கட்டும், எங்க போயிடப் போறாங்க? இருபத்தேழு பேரும் ஏன் இவரைத் தொட்டாங்கன்னு தெரியணும். தொப்பிக்காகத் தொட்டிருந்தா பாதிப் பேர் தொட்டிருப்பாங்க. இத்தனை பேர் தொடமாட்டாங்க."

பிள்ளை தவறாகத் தொட்டால், தவறு பிள்ளையுடையது என்று முடிவுகட்டக் கூடாது. ஏன் தொட்டாய் என்று கேட்க வேண்டும். இதுவும் அவள் விதி. அன்று அந்தக் கட்டடத்தில் கேள்வி கேட்பது என்ற எண்ணம் தோன்றிய ஒரே தலை அவளுடையது!

புல்வெளிக்குப் போக ஆய்வாளரிடம் அனுமதி கேட்டாள்.

"நானும் வர்றேன். நீங்க ஓடிட்டா என்னால துரத்த முடியாது. முழங்கால் சரியில்ல," என்றார் அவர்.

பேருந்து இன்னும் வரவில்லை. பிள்ளைகள் மரத்தடியில் இருந்தார்கள். அவர்களுள் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி, வரிசையில் எவர் முன்னே நிற்பது என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். வடிவமைப்பாளர் அவள் முன் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"கடைசித் திரையில நீ யாரைத் தொட்டே?"

"தொப்பி வெச்ச மீசைத் தாத்தாவை."

"ஏன்?"

சிறுமி அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அவர்தானே எடுத்தாரு."

"எந்தத் தடயத்தை வெச்சுக் கண்டுபிடிச்சே?"

"தடயம் எதுக்கு? பாத்தோமே."

ஆய்வாளரின் முழங்கால் அந்த நொடியில் வலிக்க மறந்தது!

பிறகு சிறுமி சொன்னாள். நடுநடுவே மற்றவர்கள் திருத்தினார்கள். அவர்கள் மூன்றாம் மேசையில் இருந்தபோது உள்வாசல் வழியாக மீசைத் தாத்தா வந்தார். வெள்ளைக் கையுறை. பெட்டியைச் சாவியால் திறந்தார். கடிகாரத்தை எடுத்து மஞ்சள் துணியில் சுற்றினார். பிறகுதான், முப்பதுக்குக் கொஞ்சம் குறைவான கண்சோடிகள் தம்மைப் பார்ப்பதைப் பார்த்தார். திடுக்கிட்டார். உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். கண்ணைக்கூடச் சிமிட்டினாராம். போய்விட்டார்.

"ரொம்ப நல்லா நடிச்சாரு," என்று பாராட்டினாள் சிறுமி.

விளையாட்டே கடிகாரக் களவைப் பற்றியது. அதன் நடுவே ஒருவர் வந்து கடிகாரத்தை எடுத்தால், பிள்ளைகள் வேறென்ன நினைப்பார்கள்?

"ஏம்மா, இதை யார்கிட்டயும் சொல்லலையா?" என்றார் ஆய்வாளர்.

"அவர்தான் சொல்லக் கூடாதுன்னு காட்டினாரே. அப்புறம், நீங்க யாரும் கேக்கலையே. எங்க பையைத்தான் பாத்தீங்க. திரை கேட்டுச்சு. அதுக்குச் சொன்னோம்."

வடிவமைப்பாளருக்கு ஒரே ஓர் ஐயம் மிஞ்சியிருந்தது. முப்பத்தொன்றில் இருபத்தேழு. மற்ற நால்வர்?

ஆசிரியையிடம் கேட்டாள். பதினொன்றேகால் மணிக்கு நான்கு பிள்ளைகளைக் கழிவறைக்கு அழைத்துச்சென்று, பதினொன்றரைக்குத் திரும்ப அழைத்து வந்ததாக ஆசிரியை சொன்னார்.

நால்வர்!

துல்லியமாக நால்வர்!

மணி இரண்டே கால். கூடத்தில் காப்பாட்சியர் கலங்கவேயில்லை. மீசையைத் தடவிக்கொண்டார். பெட்டியருகே சென்றது உண்மைதானாம், தினமும் கண்ணாடியைத் துடைப்பது வழக்கமாம், துடைத்துவிட்டுப் போய்விட்டாராம். பிள்ளைகள் விளையாட்டையும் நடப்பையும் குழப்பிக்கொண்டார்களாம்.

"என் படத்துக்குத் தொப்பி மாட்டித் திருடன் வரிசையில நிறுத்தினது இவங்க. பிள்ளைங்க அதைத் தொட்டா நான் பொறுப்பா?" என்றார். "முப்பது வருஷமா காவல் காத்த பொருளை நானே எதுக்கு எடுக்கணும்? சொல்லுங்க."

எதுக்கு?

உலகத்தில் அந்தக் கடிகாரத்தின்மீது அவரைப்போல் அன்பு வைத்தவர் எவருமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

கூடம் அமைதியானது...

டிக்... டிக்... டிக்...

வடிவமைப்பாளர் மெல்லத் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தாள்.

"சார், கடிகாரம் நின்னு எத்தனை வருஷமாச்சு?"

"எட்டு."

"அப்போ இந்தச் சத்தம்?"

காப்பாட்சியரின் விரல் மீசையில் நின்றது.

சென்ற மாதம் நடந்தது அது. ஏதாவதொரு பழைய கடிகாரத்தின் ஓசையைப் பயன்படுத்தலாம் என்று அவள் சொன்னபோது, காப்பாட்சியர் கொதித்தெழுந்தார். வேறொரு கடிகாரத்தின் ஓசையைப் போட்டுப் பிள்ளைகளை ஏமாற்றுவதா? அது என்ன கல்வி? மறுநாளே ஓசையைக் கொண்டுவந்து கொடுத்தார். இந்தக் கடிகாரத்தின் சொந்த ஓசை. பழைய நாடாவிலிருந்து எடுத்தது என்றார்.

"பழைய நாடாவா?" என்றான் கம்பளி. "அது போன மாசம் செல்போன்ல எடுத்ததுக்கா. தேதி அதுலயே இருக்கு. பின்னாடி வேற சத்தமெல்லாம் கலந்திருந்துது. நான்தான் சுத்தம் பண்ணினேன்."

"சுத்தம் பண்ணாதது இருக்கா?"

"நான் எதையும் அழிக்கிறதில்ல. அதுக்குத்தானே தினமும் திட்டு வாங்கறேன்."

ஓடினான். இம்முறை கம்பி தடுக்கவில்லை. ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தது. அதே டிக்... டிக்... ஆனால் அதன் பின்னே குழாய்த் தண்ணீர் ஓடும் ஓசை. பாத்திரம் உரசும் ஓசை. பிறகு பதினைந்தடிச் சுவரில் மோதி எதிரொலித்தது ஒரு பெண்குரல்:

"என்னங்க, மூணு நிமிஷம் ஆச்சான்னு அந்தக் கப்பல் கடிகாரத்தைப் பாத்துச் சொல்லுங்க. முட்டை கல்லாயிடப் போவுது."

"இது உங்க வீட்டம்மா குரலாச்சே," என்றார் இயக்குநர் அம்மையார்.

காப்பாட்சியர், பார்வையாளருக்கென்று போட்டிருந்த பலகையில் போய் உட்கார்ந்தார். முப்பது ஆண்டுகளில் அவர் அதில் உட்கார்ந்தது அதுவே முதல்முறை.

அதன்பின் அவர் மறைக்கவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன், நின்றுபோன கடிகாரத்தைப் பழுதுபார்க்க அனுமதி கேட்டு மூன்று கடிதங்கள் எழுதினாராம். பதில் வரவில்லை. தாமே பார்த்துவிடுவது என்று வீட்டுக்கு எடுத்துப்போனார். இரண்டே நாள் என்று எண்ணி, நினைவுப்பொருட் கடையில் விற்கும் நகல் ஒன்றின் அடியில் அருங்காட்சியக எண்ணை எழுதிப் பெட்டிக்குள் வைத்தார். மூன்றாம் நாள் கடிகாரம் ஓடியது! மெய்சிலிர்த்துப்போனார். திரும்ப வைக்க வந்த அன்று பெட்டிக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். பிறகு புதிய இயக்குநர். பிறகு தணிக்கை. பிறகு வெட்கம். இரண்டு நாள் ஆறு ஆண்டாயிற்று.

பெட்டிக்குள் இத்தனை நாளும் இருந்தது நகல்!

களவுபோனதும் நகல்!

நண்பகலில் அந்த நகலின் முகம் பதினைந்தடி உயரத்தில் சுவரேறியிருந்தால், பித்தளைப் பூச்சும் பொய்த் திருகும் ஊரறியத் தெரிந்திருக்கும். அதற்கு நாற்பது நிமிடம் முன்னதாக அதை எடுத்துவிட்டார். கூடத்தில் பெரியவர் எவரும் இருக்கமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். பிள்ளைகள் இருப்பது தெரியும். ஆனால் பிள்ளைகள்தானே!

அவரும் அப்படித்தான் நினைத்தார் பாருங்கள்!

வாசற்காவலர் அப்போதுதான் நெற்றியில் அடித்துக்கொண்டார். உள்வாசல் வழியாகக் காப்பாட்சியர் போய் வந்ததை அவரும் பார்த்திருந்தார். ஆளாக எண்ணவில்லை. தூணை எவராவது எண்ணுவார்களா?

காப்பாட்சியர் வடிவமைப்பாளரை நிமிர்ந்து பார்த்தார்.

"உன் மேல பழி விழும்னு நான் நெனைக்கல." சற்று நிறுத்தினார். "இல்ல, நெனைச்சேன். விழுந்தா இந்தத் திரையெல்லாம் போயிடும்னும் நெனைச்சேன்."

அவள் விரல் கூரையின் ஒலிபெருக்கியைக் காட்டியது.

"நீங்க அன்னைக்குச் சண்டை போட்டுக் குடுத்த சத்தம்தான் சார் என்னைக் காப்பாத்திச்சு. இல்லேன்னா நான் ஏதோ ஒரு கடிகாரத்தைப் போட்டிருப்பேன்," என்றாள்.

ஆய்வாளர் காப்பாட்சியரின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். அலுவலகத்தில் பாராட்டிக் கொடுத்த பரிசு என்றுதான் மனைவியிடம் சொல்லிவைத்திருந்தாராம்.

"மூணரைக்குள்ள கொண்டுவர முடியுமாம்மா?"

"வர்றேன். எங்க வீட்டு முட்டைக்கு நீங்க வேற வழி சொல்லுங்க," என்றது அதே குரல்.

மூன்று இருபத்திரண்டுக்கு அந்த அம்மையார் வந்திறங்கினார். துவாலையில் சுற்றிய பொட்டலத்தைப் பிரித்தார். பித்தளை மின்னியது. நொடி பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது, இருநூறு ஆண்டுக் கடிகாரம்! கணவர் பக்கம் திரும்பி, "நீங்க வீட்டுக்கு வாங்க," என்றார். அவ்வளவுதான். அதுவரை ஆய்வாளருக்கு அஞ்சாத காப்பாட்சியர் அப்போது நடுங்கினார்.

ஒன்று மட்டும் பாக்கி. நகல் எங்கே?

நகலோடு நகலாக, நினைவுப்பொருட் கடை அலமாரியில் வைத்துவிட்டதாகக் காப்பாட்சியர் கூறினார். எல்லாரும் கடைக்குச் சென்றார்கள். அலமாரியில் இருந்த ஒவ்வொரு கடிகாரத்தையும் கவிழ்த்துப் பார்த்தார்கள். எண் எழுதியது எதுவும் இல்லை!

இன்று ஏதாவது விற்றதா என்று கேட்டார் இயக்குநர் அம்மையார்.

கடைக்காரப் பெண் ஆய்வாளரையே பார்த்தாள். அவர் கையில் இருந்த காகிதப் பையைப் பார்த்தாள்.

ஆய்வாளர் பையைத் திறந்தார். கடிகாரத்தைக் கவிழ்த்தார்.

அடியில் வெள்ளை எழுத்தில் அருங்காட்சியக எண்...

"இதுதான் கொஞ்சம் பழசா, நிஜம் மாதிரி இருந்துச்சு," என்றார் ஆய்வாளர், மிகமிக மெல்லிய குரலில்.

களவுபோன பொருளைக் காவல்துறை இரண்டரை மணிநேரமாகக் கையிலேயே வைத்துக்கொண்டு தேடியிருந்தது!

நான்கு மணிக்குக் கதவு திறந்தது. பேருந்து அப்போதும் வராததால் முப்பத்தொரு பிள்ளைகளே முதல் வரிசை விருந்தினர். சுவரில் பதினைந்தடி உயரத்துக்கு எழுந்தது அசல் கடிகாரம். அதன் ஒவ்வொரு கீறலும் ஒரு புயலின் கதை. காப்பாட்சியர் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கிறார், விசாரணை நடக்கிறது, தினமும் காலையில் கைக்கடிகாரத்தைப் பார்த்து முட்டைக்கு நிமிடம் சொல்கிறார். ஓசைப் பதிவை வடிவமைப்பாளர் சுத்தம் செய்யாமல் அப்படியே விட்டுவிட்டாள். முட்டை கல்லாயிடப் போவுது என்று கூரை சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் ஆரவாரிக்கிறார்கள்.

ஐந்தாவது முகத்தை நீக்கிவிடவா என்று கம்பளி கேட்டான். வேண்டாம் என்றாள் அக்கா. இப்போது அந்த இடத்தில் ஒரு சிறு ஒளிப்படக் கருவி இருக்கிறது. திரைக்கு முன் நிற்பவர் எவரோ, அவர் முகமே தொப்பியுடன் அங்கே தோன்றும்.

ஆகவே, வாசகரே, நீங்களும் ஒருநாள் அந்தத் திரைக்கு முன் நிற்கத்தான் போகிறீர்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளை உங்கள் முகத்தைத் தொட்டால் சிரித்து மழுப்பாதீர்கள். ஏன் தொட்டாய் என்று கேளுங்கள்.

அதற்கு முன், ஜூலை ஒன்பதாம் நாள் முற்பகல் பதினொன்று இருபதுக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்? தொப்பியைக் கழற்றிவிட்டுப் பதில் சொல்லுங்கள்!